சோழபுரத்துக் கண்மாயும் ஓர் உலக அறிக்கையும்

இரண்டு கண்மாய்களைப் பார்ப்பதற்காகத்தான் 1999 ஜூன் மாதம் நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் போனேன். கோபுரம், பால்கோவா, அருவி எல்லாம் போகிற வழியில் கிடைத்தவை. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவுமே என்று ஊர்த் தகவல்களையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆனால் எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லாவிட்டால் மீதி புரியாது.

நிலம் பாழாகிப் பாலைவனமாவதைத் தடுக்க உலக நாடுகள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதில் சேர்ந்த நாடுகள், தங்கள் மண்ணின் நிலைமை எப்படி இருக்கிறது, அதற்கு என்ன செய்தோம் என்று அவ்வப்போது அறிக்கை அனுப்ப வேண்டும். வறண்ட மாவட்டங்கள் சிலவற்றின் தகவலைத் தொகுத்துக் கொடுக்கும் வேலை, சென்னையில் நான் இருந்த சிறிய ஆய்வுக் குழுவுக்கு வந்தது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து நிலத்தை வகை பிரிப்பது என் வேலை.

எங்களுக்கு வந்த கேள்விகள் எளியவை. எவ்வளவு மரம் நட்டீர்கள், எத்தனை தடுப்பணை கட்டினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், பசுமைப் பரப்பு கூடியதா குறைந்ததா. கடைசிக் கேள்விக்கு, பல வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைக் கணினியில் ஒப்பிட்டோம். செடிகொடி கூடிய இடத்துக்கு அது 'மேம்பட்டது' என்று பெயர் வைத்தது. குறைந்த இடத்துக்கு 'மோசமானது'. இதில் சில இடங்களை நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்ப்பது வழக்கம். விருதுநகர் மாவட்டத்தில் எனக்கு விழுந்தவை கான்சாபுரமும் சோழபுரமும். முதலாவது மோசமானது, இரண்டாவது மேம்பட்டது.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. அடுத்த கட்ட மண், நீர்ப் பாதுகாப்பு வேலைகளை எந்த ஊருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர்களும் எங்களிடம் இதே பட்டியலைத்தான் கேட்டிருந்தார்கள். எங்கள் குழுத் தலைவர் ரகுராமன் சார் கிளம்பும்போது சொன்னார்: "ரெண்டு நாள்ல முடிச்சுட்டு வந்துடும்மா. சரியா இருக்குன்னு ஒரு வரி போதும்."

சென்னையிலிருந்து இரவு ரயிலில் மதுரை. அங்கிருந்து ராஜபாளையம் பஸ். திருமங்கலம், கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், கல்லுப்பட்டி தாண்டினால் மலை கூடவே வரும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். தனியாக வந்த பெண் என்பதால் மேனேஜர் இரண்டு முறை அடையாள அட்டை கேட்டார். மூன்றாவது முறை காபி வாங்கிக் கொடுத்தார்.

வாடகைக் காருக்கு அவர்தான் சாகுலைக் கூப்பிட்டார். சாகுல் ஹமீது அந்த ஊர்க்காரர், நாற்பது வயது இருக்கும். சொந்தமாக ஓர் அம்பாசடர் வைத்திருந்தார். கண்மாய் பார்க்கப் போக வேண்டும் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்மாய்க்கா? இப்ப அதுல தண்ணி கெடையாதே மேடம்."

"தெரியும். தண்ணி இல்லாத கண்மாயைத்தான் பார்க்கணும்."

"சரி, ஏறுங்க. சினிமாக்காரங்க கூட இப்பிடித்தான் சொன்னாக."

கான்சாபுரம் வத்திராயிருப்புக்கு அந்தப் பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கிருஷ்ணன்கோவிலில் திரும்பியதும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் ஆரம்பித்துவிடும். 'மோசமானது' என்று பெயர் வாங்கிய இடத்தை இவ்வளவு பச்சைக்கு நடுவே எங்கே தேடுவது என்று எனக்கே சந்தேகம். வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, கண்மாய்க் கரையில் இறங்கினேன்.

கரைக்கு உள்ளே வெறும் மண். புல் பூண்டு இல்லை. ஆனால் மூன்று டிராக்டர்கள் நின்றன, ஆட்கள் மண்வெட்டியால் கரம்பை அள்ளி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்மாயின் அடியில் படிந்த வண்டலுக்குத்தான் அங்கே கரம்பை என்று பேர். வயலில் அடித்தால் நல்ல உரம். முந்தின வருடம் ஊரே சேர்ந்து, கண்மாய்க்குள் மண்டிக் கிடந்த முள்மரங்களை வெட்டி எடுத்துவிட்டு, இப்போது மண்ணை அள்ளி ஆழப்படுத்துகிறார்கள். முருகேசன் என்ற டிராக்டர் சொந்தக்காரர் வந்து பேசினார். அவருடைய ஊர்க் கண்மாய் 'மோசமானது' என்று எங்கள் படம் சொல்வதை மறைக்காமல் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"மோசம்னா கெவர்மெண்டு ஏதாச்சும் குடுக்குமா மேடம்?"

"வேலை ஒதுக்கலாம்."

"அப்ப மோசம்னே இருந்துட்டுப் போகட்டும். நீங்க எதுக்கு மாத்துதீங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கேட்டது நிஜமாகத்தான். கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். போன மழைக்கு நல்ல ஊறல், இரண்டாம் போகத்துக்குத் தாங்கியது என்றார். சொல்லி முடித்த பிறகுதான், 'மோசம்' என்பதைத் தன் வாயாலேயே பொய்யாக்கிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. "பேசாம இருந்திருக்கலாம்" என்றார் சாகுலைப் பார்த்து.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வந்து ராஜபாளையம் போனோம். இடையில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நூல் மில் ஷிப்ட் விடுகிற நேரமாக இருந்தால் அந்தப் பன்னிரண்டும் இருபதாகிவிடும். பஜாரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். பக்கத்து இலைக்காரர்கள் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்கள், நடுவில் பருத்தி விலை. இலைச் சாப்பாடு வயிறு நிறையக் கிடைக்கும். காரம் தூக்கல், மோரை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சோழபுரம் அங்கிருந்து தெற்கே சங்கரன்கோவில் போகிற ரோட்டுப் பக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் படம் பொய் சொல்லவில்லை. கரை முழுக்க, கரைக்கு உள்ளே முழுக்க அடர்ந்த பச்சை. சாகுல் வண்டியை நிறுத்திவிட்டு, "உள்ள போவணுமா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவும் சீமைக்கருவேல முள்.

கண்மாயை ஒட்டி வயல் வைத்திருந்த வேலுச்சாமி எங்களைக் கூட்டிப்போனார். ஐம்பது வயதுக்காரர். முள்ளை விலக்க ஒரு கம்பும், எனக்குப் போட்டுக்கொள்ள அவர் வீட்டிலிருந்து தடித்த செருப்பும் கொண்டு வந்திருந்தார். மடைக்குப் போய்ச் சேரவே வெகு நேரம் பிடித்தது. மடையின் வாயில் வேர் புகுந்து கல்லைத் தள்ளியிருந்தது. தண்ணீர் கொண்டு வருகிற வரத்துக்காலும் முள்ளடைந்து கிடந்தது.

"மழ பேஞ்சாலும் கண்மாய்க்கு வந்து சேருறதில்ல. வந்ததையும் இது உறிஞ்சிப்புடுது" என்றார். "கடைசி மடை வயலு நமக்கு. விதைச்சு நாளாச்சு."

"எங்க கணக்குப்படி உங்க கண்மாய் மேம்பட்டிருக்கு."

அவர் நின்றுவிட்டார். "யாரு சொன்னது?"

"மேலேயிருந்து எடுத்த படம். பச்சை கூடியிருக்கு."

"பச்சையா இருந்தா நல்லாருக்குன்னு அர்த்தமா மேடம்? இத வெட்டித் தாங்கன்னு நாங்க மனு குடுத்துக்கிட்டிருக்கோம். மேம்பட்டிருக்குன்னு நீங்க எழுதிட்டா, பொறவு எவன் வந்து வெட்டுவான்?"

அதற்குள் முள்ளுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு பெண் வந்தார். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, கையெல்லாம் கரி. பெயர் அந்தோணியம்மாள். கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது அவர் தொழில். அவர் தெருவில் பெரும்பாலும் எல்லோருக்கும் அதுதான். எங்கள் பேச்சு அவர் காதில் விழுந்திருந்தது.

"வெட்டணும்னு சொல்லுதாரா? நல்லா வெட்டட்டும். வெட்டிப்புட்டு நாங்க என்னத்தத் திங்கிறதுன்னும் அவரையே கேளுங்க."

"இந்தா, நான் உன்னையவா வெட்டணும்னு சொன்னேன்?" என்றார் வேலுச்சாமி.

"மழ இல்லாத வருசமெல்லாம் உங்க வயல்ல எங்களுக்குக் கூலி இருந்துச்சா? இந்த முள்ளுல்ல குடுத்துச்சு."

"வெளஞ்சாத்தான கூலி குடுக்க முடியும்? தண்ணி நின்னாத்தான வெளையும்?"

"எல்லாம் சரிதான். தண்ணி நிக்கிற வரைக்கும் புள்ளைக பட்டினி கெடக்குமா?"

இருவரும் சத்தம் போடவில்லை. பலமுறை பேசிப் பேசித் தேய்ந்த வழக்கு என்பது கேட்கும்போதே தெரிந்தது. எனக்குத்தான் அது புதிது. 'மேம்பட்டது' என்பதை அடித்து 'மோசமானது' என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று மடையருகே நிற்கையில் நினைத்திருந்தேன். அப்படிப் போட்டால் இயந்திரத்தைக் கொண்டு வந்து ஒரே வாரத்தில் வழித்துப் போட்டுவிடுவார்கள். இந்த அம்மாவின் தெரு அந்த வரியில் இருக்கவே இருக்காது.

நான் குறிப்பு எடுப்பதைப் பார்த்து அந்தோணியம்மாள் கேட்டார்: "எழுதிட்டுப் போனவுக எம்புட்டோ பேரு. என்ன எழுதினாகன்னு ஒருத்தரு வந்து சொன்னதில்ல. நீங்களாச்சும் சொல்லுவீகளா?"

"அனுப்புறதுக்கு முன்னாடி வந்து படிச்சுக் காட்டுறேன்."

"மெட்ராஸ்ல இருந்தா?" என்றார் வேலுச்சாமி. நம்பவில்லை. அந்த நிமிடம் எனக்கும் அது எப்படி முடியும் என்று தெரியவில்லை.

மறுநாள் ரயிலுக்கு நேரம் இருந்ததால் சாகுல் அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போனார். ராஜபாளையத்துக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சாரல் விழ ஆரம்பித்திருந்தது. அருவியில் தண்ணீர் கணுக்கால் கனத்துக்குத்தான் இறங்கியது, ஆனாலும் குளிர்ச்சி. மழை பிடித்தால் ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும், வனத்துறையினர் இறங்காதே என்றால் இறங்காதீர்கள். பாறையில் உட்கார்ந்து, என் அறிக்கையின் முதல் வரியை நாலு விதமாக எழுதி நாலையும் அடித்தேன்.

சென்னையில் ரகுராமன் சார் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, கெடு அவர் கழுத்தில் இருந்தது.

"படம் ரெண்டு இடத்துலயும் தலைகீழா சொல்லுது, சரி. மாத்திடு. ஆனா ஊருக்குப் போய்ப் படிச்சுக் காட்டுறதெல்லாம் எதுக்கு? ஒவ்வொரு ஊருக்கும் போய்ப் படிச்சா அறிக்கை எப்பம்மா போகும்?"

"ஒவ்வொரு ஊருக்கும் வேண்டாம் சார். யாரைப் பத்தி எழுதுறோமோ அவங்களைக் கேட்காம எழுதினதாலதான் முள்ளை மேம்பாடுன்னு எழுதியிருக்கோம். இதே தப்பு இன்னும் எத்தனை கண்மாய்ல இருக்கோ."

"பயணப்படி கிடையாது" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகஸ்டில் விடுப்பு எடுத்துக்கொண்டு என் செலவில் போனேன். வீட்டில் என் அம்மாவுக்கு மட்டும், முள்ளுக்காடு பார்க்க ஒருத்தி இரண்டு முறை போவாளா என்று ஆற்றாமை.

தகவல்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்குவது வசதி. கோவில், பஸ் எல்லாம் நடக்கிற தூரம். ஆடிப்பூரத் தேரோட்டச் சமயத்தில் அறை கிடைக்காது. நான் இரண்டாவது முறை அந்த வாரத்தில் மாட்டிக்கொண்டு ராஜபாளையத்தில் தங்க வேண்டியதாயிற்று. பால்கோவாவை ஊருக்குத் திரும்புகிற அன்று வாங்குங்கள், அன்றைக்குக் கிண்டியது என்று கேட்டு வாங்குங்கள். கண்மாய்க்குள் போவதாக இருந்தால் ரப்பர் செருப்பு வேண்டாம், கருவேல முள் அதைத் தைத்து மேலே வரும். அன்றைய வாடகையையும் கட்டணத்தையும் நான் சொன்னால் இன்றைக்கு நீங்கள் சிரிப்பீர்கள். ஆகவே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது முறையும் சாகுல்தான் வந்தார். கான்சாபுரத்தில் வண்டியை நிறுத்தி முருகேசனிடம் ஒரு பத்தியைப் படித்துக் காட்டினேன். 'மண் வெறுமையாகத் தெரிவதற்குக் காரணம் ஊரார் செய்துவரும் தூர்வாரும் பணி. கிணறுகளில் நீர் கூடியிருக்கிறது.' அவர் கேட்டுவிட்டு, "அப்ப துட்டு வராது" என்றார். பிறகு, "ஊரார்னு போட்டதுக்குப் பதிலா கான்சாபுரத்து ஜனங்கன்னு போடுங்க" என்றார். போட்டேன்.

சோழபுரத்தில் மடைக்கு மேலே கரையில் உட்கார்ந்தோம். நான் நிஜமாகவே வந்ததில் வேலுச்சாமிக்கு ஆச்சரியம், ஊரில் நாலைந்து பேரைக் கூட்டி வந்திருந்தார். அந்தோணியம்மாள் மூட்டத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தார். நான் படித்தேன்:

'சோழபுரம் கண்மாயில் பசுமை கூடியிருக்கிறது. அது சீமைக்கருவேலம். நீர் தேங்குவது குறைந்து, பாசனம் பாதிக்கப்பட்டுள்ளது. சிலர் இம்மரத்தை நம்பிப் பிழைக்கின்றனர். மரங்களை அகற்றுவது தேவை.'

"பாதிக்கப்பட்டுள்ளதுன்னா என்ன மேடம்? கடைசி மடை வயலெல்லாம் தரிசுன்னு பச்சையாச் சொல்லுங்க" என்றார் வேலுச்சாமி. திருத்தினேன்.

அந்தோணியம்மாள் வேறொன்றில் நின்றுவிட்டார். "சிலர்னா?"

"கொஞ்சப் பேருன்னு அர்த்தம்."

"எங்க தெருவே அதுலதான் அடுப்பெரிக்குது. அவிய அங்கன ஆபீசுல உக்காந்து படிக்கையில, கொஞ்சப் பேருதான, ஒதுக்கிருவோம்னு நெனைக்க மாட்டாகளா?"

நினைப்பார்கள். பக்கம் நீண்டுவிட்டது என்று முதலில் வெட்டுகிற வரிகள் 'சிலர்' என்று ஆரம்பிப்பவைதான். அந்த மாதிரி வரிகளை வெட்டிக் கொடுக்கும்படி எனக்கே தாள் வந்திருக்கிறது. 'சிலர்' என்பதை அடித்துவிட்டு, 'கண்மாய்க் கரையில் கரி மூட்டும் குடும்பங்களுக்கு இம்மரமே பிழைப்பு' என்று எழுதி உரக்கப் படித்தேன்.

"இப்ப சரி. அந்தக் கடைசி வரிக்கு வாங்க. யாரு அகற்றுறது?"

அதற்குப் பதில் என் தாளில் இல்லை. கரையில் பேச்சு ஆரம்பித்தது. மடைப்பக்கமும் வரத்துக்காலும் முதலில் வெட்டுவது என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. வெட்டும் வேலையைக் கரி மூட்டுகிற குடும்பங்களுக்கே கொடுப்பது, விறகு அவர்களுக்கு என்று அந்தோணியம்மாள் கேட்டார். வேலுச்சாமி கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, "கூலி கெவர்மெண்டு குடுத்தா எனக்கென்ன" என்றார். வெட்டிய பிறகு வேரோடு மண்ணுக்குள் நிற்கும் தூரில்தான் இடித்தது. அடித்தூரை விட்டால் மறுபடி துளிர்க்கும், அதனால் மிஷினை விட்டுத் தோண்ட வேண்டும் என்றார் வேலுச்சாமி. தூரில்தான் நல்ல கரி விழும், கையால் நாங்களே தோண்டுகிறோம் என்றார் அந்தோணியம்மாள். வெயில் ஏறும் வரை பேசினார்கள். முடியவில்லை. நான் எழுதினேன்: 'அடித்தூரை யார், எப்படி அகற்றுவது என்பதில் ஊர் இன்னும் முடிவுக்கு வரவில்லை.'

அதையும் படித்துக் காட்டினேன். "ஆமா, வரலதான்" என்றார் வேலுச்சாமி.

ரகுராமன் சார் அந்த வரியில் பேனாவை வைத்தார். "முடிவுக்கு வரலைன்னு ஒரு நாட்டோட அறிக்கையில எழுதலாமா?"

"உண்மை அதுதான் சார். முடிவாயிடுச்சுன்னு எழுதினா யாரோ ஒருத்தர் பொக்லைனோட போய் நிப்பாங்க."

பேனாவை எடுத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. மாவட்டத்தில் 'மேம்பட்டது' என்று வந்த கண்மாய்கள் அனைத்தையும் மறுபடி பார்க்கச் சொன்னார். கருவேலம் அடைந்தவற்றுக்குத் தனியாக ஒரு வகை பிரித்தோம். அறிக்கைப் படிவத்தை இனித் திருத்தும்போது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் 'அங்கே வாழ்பவர்களுக்கு இதனால் என்ன ஆயிற்று, அவர்களிடம் படித்துக் காட்டினீர்களா' என்று இரண்டு கேள்விகள் சேர்க்கலாம் என எழுதி அனுப்பினோம். எங்களுக்குத் தெரிந்து அதற்குப் பதில் வரவில்லை. எங்கள் குழுவில் மட்டும் அது வழக்கமாயிற்று. சோழபுரம் பற்றிய பத்தி பின்னிணைப்பில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் போய்ச் சேர்ந்தது. வேலைகள் ஒதுக்கும் பட்டியலிலிருந்து ஊர் விழவில்லை. கான்சாபுரம் விழுந்தது, முருகேசனுக்கு என் மேல் வருத்தம் இருந்திருக்கும்.

இதுபோன்ற வேலையாக ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். திரும்பிப் போவதற்கு ஒரு நாளைத் திட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தகவல் எடுக்க அல்ல, எழுதியதைப் படித்துக் காட்ட. படிக்கும்போது மறுப்பு வந்தால் அதுதான் நீங்கள் தேடிப் போனது. எனக்கு அந்த இரண்டாவது பயணத்தில் பார்த்த இடம் என்று எதுவும் இல்லை, ஒரு கரையும் ஒரு வாதமும்தான். ஆனாலும் அந்த மாவட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் மடைப்பக்கம் வெட்டு ஆரம்பித்தது. கார்த்திகையில் ஒரு மத்தியானம் ஆபீசுக்கு போன் வந்தது. ராஜபாளையம் பஜாரில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து வேலுச்சாமி.

"மடையில தண்ணி நிக்கிது மேடம். கடைசி வயலு வரைக்கும் வராது, பாதிக்கு வரும். சொல்லணும்னு தோணுச்சு." பிறகு, "இந்தா, இவளும் கூட வந்திருக்கா, பேசணுமாம்."

அந்தோணியம்மாள் போனுக்குப் பழக்கமில்லாத குரலில் உரக்கப் பேசினார். வெட்டுக் கூலி வந்துவிட்டது, விறகும் வந்துவிட்டது. "ஆனா தூரு யாருக்குன்னு இன்னும் முடியல. அதையும் எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். அவர் போனை வைக்கவில்லை.

"எங்க, படிங்க பாப்போம்."

படித்தேன்.